தண்ணீரில் அரளி

பேச்சித்தாயின் நிலவேம்புப் பொடியில் அரளி இருக்கிறது என்று ஆய்வுக்கூடத்திலிருந்து அறிக்கை போனது. பொடியில் அரளி இல்லை.

நடந்த தவறு அவ்வளவுதான். ஒரு தாள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேச்சித்தாயைத் தினமும் காலையில் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லி, பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்காரவைத்து அனுப்பினார்கள். மலையடிவாரத்தில் மூலிகை பறித்து, காயவைத்து, இடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவள் அவள். காய்ச்சல் முகாமுக்கு அவள் கொடுத்த பொடியில்தான் குடிநீர் காய்ச்சினார்கள். குடித்தவர்களில் சிலர் வாந்தி எடுத்தார்கள். காரணம், ஈயம் பூசாத பித்தளை அண்டா. அது பிறகு தெரிந்தது. முதலில் தெரிந்தது அரளி. அரளி விஷம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஊர் திரண்டு போய் அவள் வீட்டுக் கூரை ஓடுகளை உடைத்தது.

அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் வைத்தியர்.

அரசாங்கத்தில் சித்த மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷனை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடும். எழுந்தால் நடை நிற்காது. "எங்கயாவது போய்ச் சேருங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்றாள் மனைவி. பல்கீஸிடம் போய்ச் சேர்ந்தார், மாணவராக.

பல்கீஸ் அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவி. வைத்தியருக்கு மகள் வயது. காய்ந்து, இடிபட்டு, பொடியாகி, முகம் போன செடிக்குப் பெயர் சொல்வது அவள் வேலை. செடியின் மரபணுவில் ஒரு துண்டைப் பிடிப்பார்கள். அதை லட்சக்கணக்கில் பெருக்குவார்கள். எழுத்து எழுத்தாகப் படித்து, தெரிந்த செடிகளோடு ஒத்துப் பார்ப்பார்கள். பெயர் வந்துவிடும். கடையில் சோப்பு டப்பாவின் கோடுகளைக் காட்டினால் பெயர் வருகிற மாதிரி. டிஎன்ஏ பார்கோடு என்றே அதைச் சொன்னார்கள்.

காலமெல்லாம் கிள்ளிப் பார்த்தும் முகர்ந்து பார்த்தும் நாக்கில் வைத்தும் செடியை அறிந்தவர் வைத்தியர். இதைப் பார்த்ததும் அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

"டீச்சர், இனிமே மூலிகையில ஒருத்தனும் நம்மள ஏமாத்த முடியாது."

"நம்மள நாமே ஏமாத்திக்கிடலாம் ஐயா. அதுக்குத் தடையில்ல" என்றாள் பல்கீஸ்.

அவர் காதில் விழுந்தது. உள்ளே போகவில்லை. அதற்குள் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

கூடத்தை வைத்தியர் பொறுப்பில் விட்டுவிட்டு பல்கீஸ் வெளியூர் போயிருந்தபோதுதான் போலீஸ் பொடியைக் கொண்டுவந்தது. இன்ஸ்பெக்டர் வாசலிலேயே நின்றார். வைத்தியர் பொடியை வாங்கினார், சிறு கல் உரலில் அரைத்தார், சோதனைக் குழாய்களை அடுக்கினார். உதவிக்கு இருந்தவள் ஜெபராணி. படித்தவள், வாய் உள்ளவள்.

"ஐயா, தண்ணிக் குழாய் வைக்கலையே."

அது அங்கே சட்டம். ஒவ்வொரு சோதனையோடும் ஒரு குழாயில் வெறும் தண்ணீர் போக வேண்டும். பொடிக்குச் செய்வதையெல்லாம் தண்ணீருக்கும் செய்ய வேண்டும். முடிவில் அதில் ஒன்றும் வரக் கூடாது. ஒன்றும் வராத ஒன்றுக்கு இத்தனை உபசாரம் எதற்கு என்று வைத்தியருக்கு எப்போதும் எரிச்சல்.

"தண்ணியில என்னத்த இருக்கப் போவுது? அவரு வாசல்ல நிக்காரு. நீ மெஷினப் போடு."

போட்டாள். நிலவேம்பு வந்தது. கூடவே, கொஞ்சமாக, அரளியும் வந்தது.

வைத்தியருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தில் அல்ல. பிடித்துவிட்டோம் என்ற துள்ளல். பேனாவை எடுத்தார்.

பல்கீஸ் திரும்பி வந்த அன்று காலை, வாசல் கேட்டில் ஒருவன் நின்றிருந்தான். பேச்சித்தாயின் புருஷன் சொரிமுத்து. வைத்தியர் அவனைப் பார்க்காத மாதிரி உள்ளே போகப் பார்த்தார்.

"வைத்தியரய்யா, ஒரு வார்த்த."

"எங்கிட்ட என்னவே இருக்கு? இருந்ததச் சொன்னேன்."

"நீங்க சொன்னதுதான் சொல்லாம். அதுக்கு மேல அப்பீல் இல்லங்காவ. நாளைக்கு ரிமாண்டு பண்ணிருவோம்னு சொல்லுதாவ. அவ விடிஞ்சதுலேருந்து தண்ணி கூடக் குடிக்காம உக்காந்திருக்கா."

"ஏன், தண்ணி குடுக்க மாட்டேங்காவளா?"

"குடுக்காவ. 'எங்கையால குடுத்தா விஷங்காவ, அவுக கையால குடுக்கத நான் ஏன் குடிக்கணும்'ங்கா."

வைத்தியர் திரும்பி நடந்தார். கதவுக்கு வந்தார். காதில் செருகியிருந்த செவ்வரளிப் பூவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தினமும் காலையில் சிவபூஜை. தோட்டத்துச் செவ்வரளியைத் தன் கையால் பறித்துத் தன் கையால் சாத்துவார். பூஜை செய்த கையை உடனே கழுவ மாட்டார். பலன் போய்விடும். ஆய்வுக்கூடத்துக்குள் காதில் பூவோடு போகக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் வாசலிலேயே எடுத்துவிடுவார். எடுத்துவிட்டுக் கையுறை மாட்டுவார். விரல் விரலாக நீவி நீவி மாட்டுவார்.

பல்கீஸ் அறிக்கையின் நகலைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி எங்க ஐயா?"

"எந்தத் தண்ணி?"

"தண்ணிக் குழாய். அதப் பத்தி ஒரு வரி இல்லையே."

"டீச்சர், அங்க ஆளுக வாந்தியெடுத்துக் கெடக்காவ. போலீஸ் வாசல்ல நிக்கி. இங்க நான் தண்ணிக்கு வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கவா?"

அவள் மறுபடி நகலைப் படிக்கத் தொடங்கினாள். அவருக்கு அது பொறுக்கவில்லை. மேஜைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். மெஷின் பொய் சொல்லுமா?"

பல்கீஸ் எழுந்தாள். அலமாரியிலிருந்து சீல் உடைக்காத சுத்தத் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல என்ன செடி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

"இது தண்ணி."

"ஆமா."

"வெளையாடுதீங்களா?"

"பொடிக்கு என்ன பண்ணினீங்களோ, அது பூராவும் இதுக்குப் பண்ணுங்க. அரைக்கது முதக்கொண்டு."

"தண்ணிய அரைக்கவா?"

"கல்லுல ஊத்தி அரைங்க."

ஜெபராணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

வைத்தியர் அரைத்தார். வேறு வழியில்லை. கோபத்தில் கல் கடகடத்தது. ஒருத்தி ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறாள், இங்கே தண்ணீர் அரைபடுகிறது என்று முணுமுணுத்தார். அவள் உட்கார்ந்திருப்பது யாரால் என்பது அந்த முணுமுணுப்பில் இல்லை.

சாயங்காலம் முடிவு வந்தது. ஜெபராணி திரையைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

"ஐயா, இங்க வாங்க."

"என்ன?"

"தண்ணியில அரளி."

வைத்தியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அரளிதான். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"பாட்டில் கெட்டுப் போச்சு" என்றார்.

"சீல் வச்ச பாட்டிலுய்யா."

"அப்போ கல்லு. கல்லுல ஒட்டியிருக்கும். பேச்சித்தாய் பொடி ஒட்டியிருக்கும்."

"அப்போ நிலவேம்பும்லா வந்திருக்கணும்? அரளி மட்டும் ஏன் வருது?"

"நீ காலையில எதையாவது தொட்டியா?"

"டீ கிளாசத் தொட்டேன்."

பல்கீஸ் அதற்குள் காவல் நிலையத்துக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். அறிக்கையில் சந்தேகம் இருக்கிறது, அந்த அம்மாளை விட்டுவிடுங்கள் என்றாள். இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. போனில் சொன்னால் செல்லாது. அறிக்கை கொடுத்தவர் எழுத்தில் கொடுக்கட்டும். நாளைச் சாயங்காலம்வரை பார்ப்பேன் என்றார்.

போனை வைத்துவிட்டு வைத்தியரைப் பார்த்தாள்.

"காரணம் தெரியாம என்னத்த எழுதட்டும்?" என்றார் அவர். "நாளைக்கு எல்லாம் புதுசு. புதுக் கல்லு, புதுக் குழாய், புதுத் தண்ணி. அப்போ பாப்போம்."

"பாப்போம்" என்றாள் பல்கீஸ். "ஜெபராணியும் பக்கத்து மேஜையில பண்ணட்டும். உங்களுக்கு என்னவோ அவளுக்கும் அதே. போலீஸ் வச்சிட்டுப் போன பொடியில மிச்சம் இருக்கே, அதையும் அவ பாக்கட்டும்."

வீட்டுக்குப் போன வைத்தியர் சாப்பிடவில்லை. முற்றத்தில் நடந்தார். கல், குழாய், தண்ணீர், மெஷின், காற்று என்று ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றினார். ஜெபராணியையும் ஏற்றினார். கொஞ்ச நேரம் பல்கீஸைக்கூட ஏற்றிப் பார்த்தார், இந்தப் பெண்ணுக்கு என் மேல் என்ன பொறாமையோ என்று. ஆள் மிச்சமில்லை. படுத்தார். தூக்கம் வரவில்லை.

காலையில் குளித்து, பூஜை செய்து, திருநீறு இட்டு, ஓட்டமும் நடையுமாக வந்தார். கேட்டில் சொரிமுத்து இல்லை. ஸ்டேஷனுக்குப் போயிருப்பான்.

இரண்டு மேஜையிலும் வேலை நடந்தது. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த கல், ஒரே பாட்டில் தண்ணீர். வைத்தியர் ஜெபராணியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எங்கே தப்புப் பண்ணுகிறாள் என்று கண்டுபிடித்துவிட வேண்டும். அவள் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். துடைத்தாள். கையுறையின் விளிம்பை மட்டும் பிடித்து மாட்டினாள். பார்த்துக்கொண்டே அவர் தன் கையுறையை நீவிக்கொண்டார்.

மத்தியானம் சாய்ந்தபிறகு முடிவு வந்தது.

ஜெபராணியின் தண்ணீர்: ஒன்றுமில்லை. ஜெபராணி பார்த்த பொடி: நிலவேம்பு, வேறு ஒன்றுமில்லை.

வைத்தியரின் தண்ணீர்: அரளி.

ஜெபராணிக்கு ஏதோ சொல்ல வாய் வந்தது. பல்கீஸ் அவளைப் பார்த்தாள். அவள் டீ போடப் போய்விட்டாள்.

வைத்தியர் வெளியே போனார். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். வேர்த்தது. துண்டு கொண்டுவரவில்லை. கைக்குட்டைக்காகச் சட்டைப் பையில் கையை விட்டார். ஈரமாக ஏதோ விரலில் ஒட்டியது.

நடை நின்றது.

விரலை வெளியே எடுத்தார். கசங்கிய சிவப்பு இதழ் ஒன்று நகத்தோடு வந்தது. பார்த்தார். விரலை முகர்ந்தார். காலமெல்லாம் எல்லாச் செடியையும் முகர்ந்தவர். தன் கையை முகர்ந்தது அதுதான் முதல் தடவை.

உள்ளே வந்து இதழை மேஜை மேல் வைத்தார்.

பல்கீஸ் அதைப் பார்த்தாள். தொடவில்லை.

"உங்களுக்கு முதல்லயே தெரியுமா?" என்றார்.

"தெரியாது. தண்ணி வைக்கலைன்னு மட்டும்தான் தெரியும்."

"நேத்து தண்ணியில வந்தப்பவாவது?"

"உங்க கையிலேருந்து வருதுன்னு தெரிஞ்சது. கையில எப்படி வந்துச்சுன்னு தெரியல. அத நான் கேட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்களா?"

வைத்தியர் யோசித்தார். சொல்லியிருக்க மாட்டார். சண்டைக்கு வந்திருப்பார்.

"பூஜைய விட்டுரணுமா டீச்சர்?"

"ஏன் விடணும்? கையக் கழுவுங்க."

"பூஜை பண்ணின கையக் கழுவுனா பலன் போயிருமே."

"யாரோட பலன்?"

வைத்தியர் தன் கையைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலம் நெருங்கிவிட்டது. தாளை இழுத்துக்கொண்டு வேகமாக எழுதினார். எழுதியதை நீட்டினார்.

பல்கீஸ் படித்தாள். "தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால் முடிவில் பிழை நேர்ந்துவிட்டது."

"தொழில்நுட்பம்னு இங்க யாராவது வேலை பாக்காங்களா ஐயா?"

"ஏன்?"

"பழிய அவரு தலையில போட்டிருக்கீங்களே."

பிடுங்கிக் கிழித்தார். இன்னொன்று எழுதினார். "வெளியிலிருந்து வந்த செடித் துகள் மாதிரியில் கலந்துவிட்டது."

"வெளியன்னா எங்க? மலையிலேருந்தா?"

"டீச்சர்!" மேஜையில் கையை ஊன்றினார். "இந்த ஊருல நான் மருந்து குடுக்காத வீடு கெடையாது. என் கைராசின்னு பேரு. நான் போய் அந்தக் கையிலதான் விஷம் இருந்துச்சுன்னு சொன்னா என் பேரு என்ன ஆவும்?"

"பேச்சித்தாய்க்கு என்ன ஆச்சோ அது ஆவும்."

அவர் உட்கார்ந்தார். எழுந்தார். அவள் எதிரில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தினார். அவர் யாரிடமும் அப்படிப் பேசிப் பழக்கமில்லை.

"நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. இந்தக் கூடத்துக்கே தலைவி நீங்க. நீங்க சொன்னா ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டாவ. 'திரும்பச் சோதிச்சோம், இல்ல'ன்னு ஒரு வரி. அவ வீட்டுக்குப் போயிருவா. யாருக்கும் நஷ்டமில்ல. மாணவன் கேக்கேன்னு வச்சுக்கிடுங்க."

பல்கீஸ் திரையைத் திருப்பி அவர் பக்கம் காட்டினாள்.

"தண்ணியில வந்தது என் பேரு இல்லையே ஐயா."

வைத்தியர் திரையைப் பார்த்தபடி நின்றார். கால் ஆடவில்லை. டீயோடு வந்த ஜெபராணி அதைத்தான் முதலில் கவனித்தாள்.

பிறகு குழாயடிக்குப் போனார். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். முடிவுத் தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

காவல் நிலையத்தில் பேச்சித்தாய் பெஞ்சின் ஓரத்தில் இருந்தாள். பக்கத்தில் சொரிமுத்து தரையில். வைத்தியர் தாள்களை இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பூ, கை, கையுறை, தண்ணீர். விட்டுவிட்டுச் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்தார்.

"அப்போ இந்த அம்மா கலக்கல?"

"கலக்கல."

"எழுதிக் குடுத்தீரே, கல்லுல வெட்டின மாதிரி!"

"எழுதினேன். தப்பு."

"ஊரு ஓட்ட ஒடைச்சாச்சு. நான் நாலு நாளா இவங்கள உக்காத்தி வச்சாச்சு. இப்ப வந்து பூவுங்கீரு."

பேச்சித்தாய் எழுந்து வந்தாள். வைத்தியரின் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"சாமிக்குப் பூப் போட்ட கையாலயாய்யா எனக்கு மண்ணள்ளிப் போட்டீரு?"

"ஆமா தாயி" என்றார் வைத்தியர்.

அவள் எதிர்பார்த்தது வேறு ஏதோ சமாதானம் போல. பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "தண்ணி இருக்கா?" என்றாள். சொரிமுத்து பாட்டிலைத் தேடி எடுத்தான்.

எழுத்தர் பேனாவோடு காத்திருந்தார். காதில் பாதி விழுந்திருந்தது, மீதி விழவில்லை.

"சார், வெளக்கமா எழுதணும். அறிக்கையைத் தப்பாக் குடுத்தது ஆரு, இப்ப வந்து அதத் திருத்துனது ஆரு? ரெண்டு பேரு பேரும் வேணும்."

இன்ஸ்பெக்டர் வைத்தியரைப் பார்த்தார்.

"ரெண்டுக்கும் ஒரே பேருதான்" என்றார் வைத்தியர். "எம் பேரு. எழுதிக்கிடுங்க. ஐயம்பெருமாள்."